“வாய்ல சொன்னா ஆகாதுங்க, எழுதிக் குடுங்க” – வாசகர் சட்டக் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல பாஸ்போர்ட், விசா, குடியுரிமை, மலைல இருக்கற வீடு நிலம்னு ஒரே மாதிரிதான் இருக்கு, எல்லாத்துலயும் கடைசி வரி “ஆபீஸ்ல முடியாதுன்னு சொல்லிட்டாங்க மேடம்”. அதனால சொத்து, ஜீவனாம்சம் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு வச்சுட்டு இந்த தடவை இதுக்கு மட்டும் எழுதறேன். யார் பேரும் போடல, ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி: மேடம், எங்கப்பா அம்மா இலங்கைல இருந்து வந்து மண்டபம் முகாம்ல இருந்தப்ப 1985ல நான் பிறந்தேன். அப்புறம் எங்கள பவளத்தானூர் முகாமுக்கு மாத்துனாங்க. நான் ஓமலூர்காரரை கல்யாணம் பண்ணி ரெண்டு பிள்ளைங்க இருக்கு. பாஸ்போர்ட்டுக்கு போனப்ப, அப்பா அம்மா இலங்கைன்னா நீங்களும் இலங்கைதான்னு கவுண்டர்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. தம்பி 1991ல பிறந்தவன். எங்க ரெண்டு பேருக்கும் வழி இருக்கா? – தாரமங்கலம்

பதில்: உங்களுக்கு கண்டிப்பா இருக்கு தங்கச்சி. 1955 குடியுரிமைச் சட்டத்துல 3வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, அதுல பிறந்த தேதிய வச்சுதான் கணக்கே. 1950 ஜனவரி 26ல இருந்து 1987 ஜூலை 1க்கு முன்னாடி வரைக்கும் இந்த மண்ணுல பிறந்த பிள்ளை பிறப்பாலயே இந்தியர், அப்பா அம்மா எந்த ஊரு எந்த நாடுன்னு அந்த பிரிவு கேக்கறதே இல்ல, வெளிநாட்டு தூதரோட பிள்ளை மாதிரி ரெண்டே ரெண்டு விலக்குதான், அது உங்களுக்கு பொருந்தாது. நீங்க பிறந்த அன்னைக்கே இந்தியர், முகாம் ரிஜிஸ்டர்ல பேரு இருக்கறதால அது அழிஞ்சு போகாது. உங்கள மாதிரியே 1986ல மண்டபம் முகாம்ல பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாம்ல இருந்த ஒரு பொண்ணுக்கு பாஸ்போர்ட் தரமாட்டோம்னு சொன்னப்ப, ஐகோர்ட் மதுரை கிளை 2022 ஆகஸ்ட்ல இதே 3வது பிரிவ காட்டி, இவங்க இந்தியர், பாஸ்போர்ட் குடுங்கன்னு உத்தரவு போட்டுச்சு. உங்க கடிதத்த படிச்சதும் எனக்கு மனசு கனத்துப் போச்சு, நாப்பது வருஷமா இதே ஊர்ல இருந்துட்டு நான் யாருன்னு ஒரு கவுண்டர்ல போய் நின்னு கேக்க வேண்டியிருக்கே.

மொதல்ல பிறப்புச் சான்று இருக்கான்னு பாருங்க, உங்க கேஸ்ல எல்லாமே அந்த ஒரு தேதியிலதான் நிக்குது. இல்லைன்னா பிறந்த ஆஸ்பத்திரி ரெக்கார்டு, முகாம் பதிவேட்டுல குடும்பத்தோட உங்க பேரு எந்த வருஷம் ஏறுச்சு, ஒண்ணாவது சேர்ந்த ஸ்கூல் ரெக்கார்டு இதையெல்லாம் சேத்துகிட்டு, பிறந்த ஊர் எந்த ஆர்.டி.ஓ. (வருவாய் கோட்டாட்சியர்) எல்லையோ அங்க தாமதப் பதிவுக்கு மனு போடுங்க, ஒரு வருஷம் தாண்டுன பிறப்ப பதிவு பண்ண அந்த உத்தரவு வேணும். அது ராமநாதபுரம் மாவட்டம்ங்கறதால அலைச்சல் இருக்கும், ஆனா இத தாண்டி போக முடியாது. அப்புறம் புதுசா பாஸ்போர்ட்டுக்கு போடுங்க. மறுபடியும் வாய்ல முடியாதுன்னா அங்கிருந்து நகராதீங்க, பாஸ்போர்ட் சட்டம் 5வது பிரிவுல மறுக்கற காரணத்த எழுதி வைக்கணும், கேட்டா காப்பி தரணும்னு இருக்கு, அத சொல்லி எழுத்துல கேளுங்க, ஒரு மனுவா எழுதி ரிஜிஸ்டர் தபால்லயும் அனுப்புங்க. அந்த உத்தரவு கைக்கு வந்த நாள்ல இருந்து 30 நாளைக்குள்ள 11வது பிரிவுல அப்பீல், அதுலயும் ஆகலைன்னா ரிட், அதாவது அரசு ஆபீஸ் முடிவ எதிர்த்து நேரா ஐகோர்ட்ல போடற மனு. சேலம் மாவட்டம் மதுரை கிளைக்கு போகாது, சென்னைதான்.

பிள்ளைங்கள பத்தி நீங்க கேக்கல ஆனா சொல்லிடறேன். 2004 டிசம்பர் 3க்கு அப்புறம் பிறந்த பிள்ளைக்கு அப்பா அம்மா ரெண்டு பேருமே இந்தியரா இருக்கணும், இல்ல ஒருத்தர் இந்தியர் இன்னொருத்தர் சட்டவிரோதமா வந்தவரா இல்லாம இருக்கணும். நீங்க இந்தியர்னு காயிதம் ஆயிடுச்சுன்னா பிள்ளைங்களுக்கு எந்த கேள்வியும் வராது, அதுக்காகவாவது இத விடாதீங்க.

தம்பி விஷயம் வேற. 1987 ஜூலைக்கு அப்புறம் பிறந்தவங்களுக்கு அப்பா அம்மால ஒருத்தராவது இந்தியரா இருந்திருக்கணும், அதனால அக்காவுக்கு கிடைச்சது எனக்கும்னு அவரால நேரா கேக்க முடியாது. ஆனா ஒண்ணு தேடிப் பாருங்க. உங்க குடும்பம் யாழ்ப்பாணம் வவுனியா பக்கமா, இல்ல மலையகத்துல தேயிலைத் தோட்டத்துல இருந்தவங்களா? தோட்டத்துல இருந்தவங்கன்னா 1964 சாஸ்திரி சிறிமா ஒப்பந்தம் ஞாபகம் வரணும், 5,25,000 பேர இந்தியா எடுத்துக்கறதுன்னு ஒத்துகிட்டது அது. அதுல நிறைய பேரு இந்திய குடியுரிமை கேட்டு, அது கிடைச்சு, பாஸ்போர்ட்டும் வாங்கி வச்சுட்டு, 1984ல தலைமன்னார் கப்பல் நின்னு போனதால வரமுடியாம கலவரத்துல அடிபட்டு அகதியா படகுல வந்தாங்க. தாத்தா பேர்லயோ அப்பா பேர்லயோ கண்டில இருந்த இந்திய தூதரக ஆபீஸ்ல குடுத்த இந்திய பாஸ்போர்ட், குடும்ப அட்டை, ஒரு பழைய கடிதம் எதுனா டிரங்குப் பெட்டில கிடந்தா தம்பி கதையே மாறிடும், ஏன்னா அப்பா இந்தியர்னு ஆனா பிள்ளையும் இந்தியர். பழைய காயிதம் எதையும் கரையான் அரிச்சிருக்குன்னு தூக்கி எறியாதீங்க.

அப்படி எதுவும் இல்லைன்னாலும் அவர் பயந்துகிட்டு இருக்க வேண்டியதில்ல. 2025 செப்டம்பர் 1ல இருந்து பழைய வெளிநாட்டினர் சட்டமெல்லாம் போயி குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம்னு ஒரே சட்டம் வந்திருக்கு, அதோட வந்த விலக்கு உத்தரவுல, 2015 ஜனவரி 9 வரைக்கும் இங்க தஞ்சம் வந்து பதிவு பண்ணுன இலங்கைத் தமிழர் மேல பாஸ்போர்ட் விசா இல்லைன்னு இந்த சட்டத்துல வழக்கு போடறதில்லைன்னு இருக்கு. இது குடியுரிமை இல்ல, தண்டனைல இருந்து பாதுகாப்பு, அவ்வளவுதான். வெளிநாட்டுக்கு போகணும்னா சென்னைல இருக்கற இலங்கை துணைத் தூதரகத்துல பிறப்ப பதிவு பண்ணி இலங்கை குடியுரிமை, பாஸ்போர்ட் வாங்கற வழி ஒண்ணு இருக்கு, ஆனா அதுல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அப்பாவோட பழைய காயிதத்த தேடி முடிச்சுடுங்க, ஏன்னா தானா கேட்டு வேற நாட்டு குடியுரிமை வாங்கிட்டா அப்புறம் இந்தியர்னு வாதாடறது ரொம்ப கஷ்டம். இன்னொன்னு, ஓட்டர் ஐடி எடுத்துத் தர்றேன், அத வச்சு பாஸ்போர்ட் வாங்கலாம்னு யாராச்சும் பத்தாயிரம் இருபதாயிரம் கேட்டா கிட்டயே சேக்காதீங்க, மாட்டுனா அவன் போயிடுவான், உங்க தம்பி மேலதான் கேஸ் வரும்.

கேள்வி: எம் பொண்ணு இங்கிலாந்துல ஒரு முதியோர் இல்லத்துல கேர் ஒர்க்கரா இருக்கா. கம்பெனிக்கு வெளிநாட்டு ஆள வேலைக்கு வைக்கற ஸ்பான்சர் லைசென்ஸ் ரத்து ஆயிடுச்சாம், 60 நாள்ல வேற ஸ்பான்சர் பாக்கணும் இல்ல கிளம்பணும்னு லெட்டர் வந்திருக்கு. போன்ல அழுவறா. சேலத்துல அனுப்பி வச்ச ஏஜென்ட்டுக்கு 14 லட்சம் குடுத்தோம், வீட்டு மேல கடன். இப்ப அவரு போனே எடுக்கறதில்ல. – ஃபேர்லேண்ட்ஸ்

பதில்: அம்மா, பொண்ண மொதல்ல அந்த லெட்டர்ல என்ன தேதி போட்டிருக்குன்னு பாக்கச் சொல்லுங்க, 60 நாள்ங்கறது நாமளா எண்ணறது இல்ல, எந்த தேதியோட விசா முடியுதுன்னு அதுலயே இருக்கும், அந்த தேதிய காலண்டர்ல வட்டம் போட்டு வச்சுக்கணும். விசாவ சுருக்குற இந்த முடிவு மேல அங்க அப்பீல் கிடையாது, அதனால அப்பீல் போட்டு ஜெயிக்கலாம்னு யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க. வழி என்னன்னா அந்த தேதிக்குள்ள புது ஸ்பான்சர் பிடிச்சு புது விண்ணப்பம் போடறதுதான். தேதி முடியறதுக்கு ஒரு நாள் முன்னாடி போட்டாலும் முடிவு வர்ற வரைக்கும் அங்க இருக்கறது சட்டப்படி சரிதான், ஆனா புது இடத்துல வேலைய மட்டும் விசா வந்த பின்னாடிதான் ஆரம்பிக்கணும், நடுவுல ரெண்டு மூணு மாசம் சம்பளம் இல்லாம ஓட்டற மாதிரி இருக்கும், அதுக்கு இப்பவே ஏற்பாடு பண்ணிக்கோங்க.

2025 ஜூலை 22ல இருந்து வெளிநாட்டுல இருந்து புதுசா கேர் ஒர்க்கர் எடுக்கறத இங்கிலாந்து நிறுத்திடுச்சு. ஏற்கனவே உள்ள இருக்கறவங்க ஸ்பான்சர் மாத்திக்கறதுக்கு மட்டும் 2028 ஜூலை 22 வரைக்கும் விட்டிருக்காங்க. இதோட அர்த்தம் உங்களுக்கு புரியணும்மா, ஊருக்கு வந்துட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு கிளம்பிட்டா இதே வேலைக்கு திரும்பிப் போக கதவு இல்ல. அவ அங்க இருந்தேதான் தேடணும். நல்லது என்னன்னா, 2025 ஏப்ரல்ல இருந்து இங்கிலாந்துல கேர் கம்பெனிங்க வேற விசால இருக்கறவங்கள எடுக்கறதுக்கு முன்னாடி, இப்படி ஸ்பான்சர் இழந்து தவிக்கறவங்கள மொதல்ல பாக்கணும்னு விதி போட்டிருக்காங்க, அதுக்குன்னே வட்டாரவாரியா அரசு பணத்துல நடக்கற உதவி மையம் இருக்கு, வந்த லெட்டர், ஈமெயில் எல்லாத்தையும் மறுபடி படிக்கச் சொல்லுங்க, அவங்கள தொடர்பு கொள்ளுன்னு விவரம் இருந்தா அன்னைக்கே எழுதச் சொல்லுங்க. புது விண்ணப்பத்த மறுத்தாங்கன்னா அதுக்கு மறுபரிசீலனை கேக்க உள்ள இருக்கறவங்களுக்கு 14 நாள்தான் டைம், அது ரொம்ப கம்மி.

அங்க குடியேற்ற ஆலோசனை சொல்றதுக்கே லைசென்ஸ் வேணும், சொலிசிட்டரா இருக்கணும் இல்ல இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டில பதிவு பண்ணிருக்கணும், பதிவில்லாம சொன்னா அந்த ஊர்ல குற்றம். பேர போட்டா பதிவு இருக்கான்னு ஆன்லைன்ல காட்டும். வாட்ஸ்அப் குரூப்ல அண்ணா அக்கான்னு பேசி ஸ்பான்சர் சர்டிபிகேட் இத்தன ஆயிரம் பவுண்டுன்னு விக்கறவன்கிட்ட போகவே கூடாது, முதல் தடவை ஏமாந்த பிள்ளைங்கதான் பயத்துல ரெண்டாவது தடவையும் ஏமாறுதுங்க.

14 லட்சம் பத்தி. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பறவங்க 1983 குடிபெயர்வுச் சட்டத்துல பதிவு பண்ணிருக்கணும், இ-மைக்ரேட் வெப்சைட்ல பேர தேடினா தெரியும், பதிவு பண்ணவங்களே சேவைக் கட்டணமா 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். பதினாலு லட்சம்ங்கறது எந்த கணக்குலயும் வராது. பேங்க்ல அனுப்புனது, ஜிபே, கைல குடுத்தத பத்தின வாட்ஸ்அப் பேச்சு எல்லாத்தையும் இன்னைக்கே பிரிண்ட் எடுங்க, போன் மாத்துனா போயிடும். கமிஷனர் ஆபீஸ்ல புகார் குடுத்து ரசீது வாங்குங்க, சென்னைல இருக்கற குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் தமிழக அரசோட அயலகத் தமிழர் நலத்துறைக்கும் ஒரு ஒரு காப்பி அனுப்புங்க. பொண்ணுகிட்ட நாளைக்கு பேசும்போது காசு பத்தி பேசாதீங்கம்மா, அது உங்க வேலையும் என் வேலையும், அவளுக்கு இருக்கற நாள் அத்தனையும் வேலை தேடறதுக்கு வேணும்.

கேள்வி: எஸ்டேட்ல தொழிலாளிங்களுக்கு குடுக்கற லைன் வீட்ல பிறந்து வளந்தவன் நான். அப்பா ரிட்டையர்டு ஆனதும் லைன் வீட்ட காலி பண்ணிட்டு வாடகைக்கு வந்துட்டோம். மூணு வருஷத்துக்கு முன்னாடி மாரியம்மன் பண்டிகைல நடந்த அடிதடில என் பேர்லயும் எப்.ஐ.ஆர். போட்டாங்க. துபாய் வேலைக்கு பாஸ்போர்ட் போட்டேன், போலீஸ் ரிப்போர்ட் சரியில்லைன்னு நிக்குது. – நாகலூர், ஏற்காடு

பதில்: தம்பி, ரெண்டு விஷயம் கலந்து கிடக்கு, எதனால நிக்குதுன்னு மொதல்ல தெரிஞ்சுக்கணும். அட்ரஸ்ல ஆள் இல்லைன்னு எழுதிருந்தா சின்ன வேலை, வாடகை ஒப்பந்தம், சமையல் கேஸ் புக்கு, பேங்க் பாஸ்புக்குன்னு புது அட்ரஸுக்கு மாத்திட்டு மறுபடி விசாரணைக்கு கேட்டு எழுதலாம். லைன் வீட்ல இருந்தவங்களுக்கு இது எப்பவும் வர்ற பிரச்சனை, முப்பது வருஷம் இருந்திருப்பாங்க, கரண்ட் பில் எஸ்டேட் பேர்ல, தண்ணி எஸ்டேட் பேர்ல, வெளிய வந்தா அங்க இருந்ததுக்கு ஒரு காயிதம் இருக்காது. அப்பாவோட பி.எப். சிலிப், கிராஜுவிட்டி பேப்பர பத்திரமா வைங்க.

கேஸ்தான் காரணம்னா நல்லா கேட்டுக்கோங்க. பாஸ்போர்ட் சட்டம் 6வது பிரிவு சொல்றது கிரிமினல் கோர்ட்ல நடவடிக்கை நிலுவைல இருந்தா மறுக்கலாம்னுதான். ஸ்டேஷன்ல எப்.ஐ.ஆர். போட்டதுனாலயே கோர்ட்ல நிலுவைன்னு ஆகாது, சார்ஜ் ஷீட் தாக்கலாகி மாஜிஸ்ட்ரேட் அத கோப்புல எடுத்தாதான் நிலுவை, இத ஐகோர்ட் பல தடவை சொல்லிருக்கு, வெளியுறவு அமைச்சகமே 2019ல சுற்றறிக்கையா சொல்லிருச்சு. இ-கோர்ட்ஸ் ஆப்ல எப்.ஐ.ஆர். நம்பர போட்டுப் பாருங்க. சார்ஜ் ஷீட் ஆகலைன்னா அதையே எழுதி பாஸ்போர்ட் ஆபீஸுக்கு விளக்கம் குடுங்க, அதோட ஒரு வக்கீல பாருங்க, ஏன்னா மூணு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றம்னா கோர்ட் அத எடுத்துக்கறதுக்கே 3 வருஷம்தான் கால வரம்பு, ஒரு வருஷம் வரைன்னா 1 வருஷம், உங்க கேஸ் அந்த வரம்ப தாண்டிருக்கலாம். சார்ஜ் ஷீட் ஆகிருந்தாலும் முடிஞ்சு போச்சுன்னு இல்ல, கேஸ் நடக்கற கோர்ட்லயே மனு போட்டு வெளிநாடு போக அனுமதி வாங்கினா 1993ல வந்த அரசு அறிவிக்கைப்படி பாஸ்போர்ட் தருவாங்க, கோர்ட் எத்தன வருஷம்னு சொல்லுதோ அத்தன வருஷத்துக்கு, ஒண்ணும் சொல்லலைன்னா ஒரு வருஷத்துக்கு. அதனால மனுல வருஷத்த எழுதிக் கேக்கச் சொல்லுங்க. கேஸ மறைச்சு மட்டும் விண்ணப்பம் போட்டுடாதீங்க, அதுவே தனி குற்றம். பத்தாவது பாஸ் சர்டிபிகேட்டயும் சேத்து வைங்க, இல்லாட்டி துபாய் போக தனியா குடிபெயர்வு அனுமதி வாங்கணும்.

கேள்வி: என் மனைவி மலேசியா குடிமகள், சேலத்துல கல்யாணம் பதிவாகி மூணு வருஷம் ஆச்சு. வருஷா வருஷம் விசா நீட்டிக்கறது கஷ்டமா இருக்கு. – சூரமங்கலம்

பதில்: பதிவான கல்யாணம் விடாம ரெண்டு வருஷம் நீடிச்சிருந்தா ஓ.சி.ஐ. அட்டைக்கு போடலாம், நீங்க தாராளமா தகுதி. அது ரெண்டாவது குடியுரிமை இல்ல, ஆயுசுக்கும் விசா மாதிரி, மலேசிய பாஸ்போர்ட்ட விட வேண்டியதில்ல. அட்டை வர்ற வரைக்கும் விசாவ ஒரு நாள் கூட தாண்ட விடாதீங்க. அப்புறம் ஒண்ணு, தகவல் உரிமைச் சட்டம் குடிமக்களுக்கு மட்டும்தான், ஃபைல் எங்க நிக்குதுன்னு கேக்கணும்னா உங்க பேர்ல 10 ரூபாய் கட்டி நீங்க கேளுங்க, அவங்க பேர்ல போட்டா திருப்பிடுவாங்க.

கேள்வி: நாங்க மலையாளி பழங்குடி. தாத்தா காலத்துல இருந்து வச்சிருக்கற ஒன்றரை ஏக்கருக்கு வன உரிமைல மனு போட்டோம். கிராம சபை ஒத்துகிச்சு, சேலத்துல உட்கோட்ட கமிட்டி தள்ளிடுச்சுன்னு ஆறு மாசம் கழிச்சு பேச்சுவாக்குல தெரிய வந்துச்சு. எந்த காயிதமும் வரல. இப்ப காலி பண்ணச் சொல்லுவாங்களோன்னு பயமா இருக்கு. – வெள்ளக்கடை பக்கம்

பதில்: காயிதம் வரலைங்கறதுதான் அண்ணா உங்களுக்கு இருக்கற பலமே. 2006 வன உரிமைச் சட்டத்துல உட்கோட்ட கமிட்டி மேல மாவட்ட கமிட்டிக்கு 60 நாள்ல மனு போடலாம், கமிட்டி நெனச்சா இன்னும் 30 நாள் கூட்டித் தரலாம். ஆனா தள்ளுபடி பண்ணுனா காரணத்தோட மனுதாரருக்கு தெரிவிக்கணும்னு 2012ல விதியிலயே சேத்துட்டாங்க. தெரிவிக்காத உத்தரவுக்கு எப்படி நாள் எண்ணுவாங்க? உடனே உத்தரவு காப்பி கேட்டு எழுதுங்க, அது கைக்கு வந்த தேதியில இருந்து எண்ணி கலெக்டர் தலைமைல இருக்கற மாவட்ட கமிட்டிக்கு போடுங்க.

நான் வக்கீலா வந்த புதுசுல மலைல இருந்து ஒரு பாட்டி வந்தாங்க, வேற ஒரு நில விஷயம், கெடு முடிஞ்சு போச்சுன்னு எல்லாரும் கைவிட்ட கேஸ். பாட்டி சுருக்குப் பைல இருந்து உத்தரவ எடுத்தாங்க, அதோட வந்த தபால் கவரையும் மடிச்சு வச்சிருந்தாங்க, ஏன் வச்சிருந்தாங்கன்னு அவங்களுக்கே தெரியல, அரசாங்க கவருன்னு வச்சிருந்தாங்களாம். உத்தரவுல இருந்த தேதிக்கும் கவர் மேல இருந்த ஏற்காடு தபால் முத்திரைக்கும் நடுவுல ரெண்டு மாசம். அந்த முத்திரை அப்பீல உள்ள கொண்டு வந்துச்சு. இன்னைக்கும் எங்கிட்ட வர்றவங்ககிட்ட நான் மொதல்ல கேக்கறது கவர் எங்கன்னுதான்.

உங்க கேஸ்ல பாக்க வேண்டிய தேதி 2005 டிசம்பர் 13. அன்னைக்கு உங்க குடும்ப அனுபவத்துல அந்த நிலம் இருந்துச்சுன்னு காட்டணும், 75 வருஷமா அங்க இருந்ததா காட்டணும்ங்கற கணக்கெல்லாம் பழங்குடி இல்லாதவங்களுக்குத்தான், உங்களுக்கு இல்ல. பட்டா சிட்டா இல்லையேன்னு உக்காராதீங்க, ஊர்ப் பெரியவங்க சொல்றத எழுதி வாங்கினாலே சாட்சியம்னு விதி ஏத்துக்குது, அந்த நிலத்துல இருக்கற தாத்தா சமாதி, கிணறு, வயசான பலா மரம், மிளகுக் கொடி ஏறிருக்கற சில்வர் ஓக் எல்லாத்தையும் போட்டோ எடுங்க. விசாரணை முழுசா முடியற வரைக்கும் உங்கள காலி பண்ண முடியாதுன்னு 4வது பிரிவு சொல்லுது, யாராவது வந்து வாய்ல மிரட்டினா நோட்டீஸ் எங்கன்னு கேளுங்க.

வக்கீல் ஃபீஸுக்கு யோசிக்காதீங்க. பழங்குடியினர், பட்டியல் இனத்தவர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் இவங்களுக்கெல்லாம் வருமானம் எவ்வளவுன்னு பாக்காம 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு, சென்னைல ரிட் போடறது வரைக்கும். தாரமங்கலம் தங்கச்சிக்கும் இது பொருந்தும். சேலம் கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, வர முடியலைன்னா 15100க்கு போன் பண்ணுங்க. போகும்போது கிராம சபை தீர்மானத்தோட காப்பி, நீங்க போட்ட மனுவோட ரசீது ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க, ஒரிஜினல யார் கேட்டாலும் குடுக்காதீங்க, ஜெராக்ஸ் மட்டும்.